ட்ரிப் காபி மேக்கரில் தூள் சீராக நனையவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். என் ட்ரிப் காபி மேக்கரில் (வெந்நீர் தானாகத் தூளின் மேல் விழுந்து வடியும் மின்கருவி) ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருகிறது. இதைச் சரிசெய்தவர்கள் உதவுங்கள்.

600 மி.லி. தண்ணீருக்கு 36 கிராம் தூள், அதாவது லிட்டருக்கு 60 கிராம். தராசில் நிறுத்துத்தான் போடுகிறேன். ஸ்பூன் கணக்கு ஒவ்வொரு வறுவலுக்கும் மாறிவிடும். அரைப்பு நடுத்தரம், விரலில் தேய்த்தால் மணல் போல இருக்கும். காகித வடிகட்டியை வெந்நீரில் அலசிவிடுகிறேன். சிட்ரிக் அமிலக் கரைசல் ஓட்டி மெஷினுக்குள் இருந்த உப்புப் படிவையும் எடுத்தாயிற்று.

சந்தேகமெல்லாம் தண்ணீர் விழும் இடத்தில்தான். வடிந்து முடிந்ததும் மூடியைத் திறந்தால் தூளின் நடுவில் ஆழமாக ஒரு குழி. ஓரத்திலோ வெளிர் நிறத்தில் பாதி உலர்ந்த தூள் ஒட்டியிருக்கிறது. நடுவில் தண்ணீர் அளவுக்கு மீறி ஓடிக் கசப்பை இறக்குகிறது, ஓரத்துத் தூளில் சாறு முழுதாக இறங்காமல் புளிப்போடு நின்றுவிடுகிறது. இன்னும் பொடியாக அரைத்தால் வடிகட்டி அடைத்து, அதை வைக்கும் கூடை நிரம்பி வழிகிறது.

முதல் தண்ணீர் விழுந்ததும் சுவிட்சை அணைத்து, கரண்டிக் காம்பால் மெதுவாகக் கிளறி, 30 விநாடி கழித்துத் திரும்பப் போட்டால் சுவை நன்றாகவே தேறுகிறது. ஆனால் தினமும் பக்கத்திலேயே நிற்க முடிவதில்லை.

ஒற்றைத் துளையில் விழும் தண்ணீரைப் பரப்பிவிட, தூளின் மேல் துளையிட்ட எஃகுத் தட்டு வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? கூடையில் விழும் தண்ணீர் 88 டிகிரிதான் காட்டுகிறது. 92 முதல் 96 வரை வேண்டும். தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் தொடங்கினால் சூடு ஏறுமா, அல்லது தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் பாகம்) முன்னதாகவே நிறுத்திவிடுமா?