போட் கிளம்புனா தம்பி ரூமுக்குள்ள போயிடுறான், படிச்சது தப்பா?

தங்கச்சிமடம்_அக்கா:
எங்க வீட்டு விஷயத்த இங்க எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சுட்டு இன்னைக்குத்தான் எழுதுறேன். என் தம்பி மெக்கானிக்கல் முடிச்சு மூணு வருஷமாச்சு, அப்பா எஜுகேஷன் லோன் போட்டுத்தான் படிக்க வச்சாக. சென்னைல ஒரு கம்பெனில எட்டு மாசம் கான்ட்ராக்ட்ல இருந்தான், அப்புறம் வர வேணாம்னுட்டாங்க. இப்ப பகலெல்லாம் தூக்கம், ராத்திரி முழிப்பு, சோத்துத் தட்டு வச்ச இடத்துலயே ஆறிக் கெடக்கு. அண்ணன் பத்தாவதோட நின்னு விசைப்படகுக்குப் போறாக, கடல்ல இலங்கை நேவி பயம் இருந்தும் கரைக்கு வந்தா நிம்மதியா தூங்குறாக. அம்மா படிக்க வச்சதுதான் தப்புன்னு அழுவுறாக.

ஒண்ணு மட்டும் புரியல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம்ல, அந்த 61 நாளும் இவன் நல்லாத்தான் இருந்தான். அண்ணனோட கரைல உக்காந்து வலை சரி பண்ணான், கேரம் ஆடுனான், சிரிச்சான். தடை முடிஞ்சு எல்லாரும் டோக்கன் வாங்கி போட் எடுத்த அன்னைக்கு திரும்ப ரூமுக்குள்ள போயிட்டான். நான் பி.எட் முடிச்சு ஒரு பிரைவேட் ஸ்கூல்ல இருக்கேன், சாயங்காலம் டியூஷன், லோன் தவணை என் சம்பளத்துலதான் போகுது, அதனால கூட இருந்து பார்க்க முடியல. படிப்பு மனச கெடுக்குமா?

மண்டபம்_வாத்தியார்:
தங்கச்சி, உங்க கேள்விக்கு பதில் அந்த 61 நாள்லயே இருக்கு. ஊரே வேலையில்லாம உக்காந்திருக்கும்போது அவன யாரும் தனியா பார்க்கல, அவனும் தன்ன அப்படி பார்க்கல. ஆன்ட்ரூ கிளார்க்னு ஒருத்தர் பிரிட்டன் குடும்பங்களோட கணக்க வச்சு 2003ல எழுதுனதும் இதுதான், சுத்தி இருக்குறவங்களும் வேலையில்லாம இருந்தா வேலை போன வலி கொஞ்சம் கம்மியாத் தெரியுதாம்.

படிப்பு மனச கெடுக்காது. பொதுவா படிச்சவங்களுக்கு மனசு தெம்பாத்தான் இருக்கும், ஆனா அந்த தெம்புல பெரிய பங்கு படிப்பு வாங்கித்தர்ற நிலையான வேலைல இருந்து வருது, அந்த வேலையே வரலன்னா? ஐ.எல்.ஓங்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024ல விட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கைல, 2022 கணக்குப்படி பட்டதாரி இளைஞர்கள்ல 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்ல, எழுதப் படிக்கத் தெரியாதவங்கள்ல 3.4 சதவீதம்தான். ஏன்னா வசதி இல்லாதவன் கிடைச்ச கூலிக்குப் போயிடுறான், போகாட்டி அன்னைக்கு அடுப்பு எரியாது. உங்க தம்பிக்கு அண்ணனோட போட்ல ஏறவும் முடியல, படிச்ச வேலையும் கிடைக்கல. அம்மாகிட்ட தயவுசெஞ்சு அந்த வார்த்தைய அவன் காதுபட சொல்ல வேணாம்னு சொல்லுங்க.

கீழக்கரை_சபுராளி:
சார் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். என் கூட டிப்ளமா படிச்சவன் ஒருத்தனுக்கு வீட்டுல கடை இருந்துச்சு, ரெண்டு வருஷம் வீட்டுல இருந்து கோர்ஸ் படிச்சு நல்ல வேலைக்குப் போனான். என்னால ரெண்டு மாசம் கூட இருக்க முடியல, வாப்பா வாங்குன கடன், அக்கா கல்யாணம், துபாய்ல ஹெல்ப்பரா ஏறிட்டேன், அங்க எட்டு பேர் ரூம்ல மேல் கட்டில்ல படுத்துக்கிட்டு சர்ட்டிபிகேட் ஃபைல தலைமாட்டுல வச்சிருந்தேன். மார்க்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், காலேஜும் ஒண்ணுதான். அவனுக்கு காத்திருக்க முடிஞ்சுச்சு, எனக்கு முடியல, அந்த ஒரு வித்தியாசம் என் தூக்கத்த எத்தனை வருஷம் தின்னுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

பொதுவா லோனுக்கு படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம்தான் டைம், வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அதுக்கப்புறம் தவணை ஓடும். பேங்க்குல மேனேஜர நேர்ல பாத்து தவணைய மாத்தித் தரச்சொல்லி எழுதிக் குடுங்க. தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, கையெழுத்து அவன் போடட்டும்.

ராம்நாடு_நர்ஸ்:
நான் சொல்றது அவசரம். தூக்கம் தலைகீழா மாறி சாப்பாடும் எறங்கலன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போனா டாக்டர் பார்க்கணும், ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. செத்துடலாம்னு தோணுதாடான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் வந்துடும்னு பயப்பட வேணாம். அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

நம்ம பக்கம் மனசு சரியில்லன்னாலே, அப்படிப்பட்டவங்கள கூட்டிட்டுப் போற தர்கா இருக்குற ஏர்வாடின்னு ஊரு பேசும், அதுக்குப் பயந்தே மறைப்பாங்க. 2001 ஆகஸ்ட் 6ல அங்க ஒரு காப்பகத்துல சங்கிலில கட்டியிருந்த 28 பேர் தீயில போனாங்க, அந்த பயம் இன்னும் இங்க இருக்கு. தர்காவுக்குப் போறதுன்னா போங்க, டாக்டர் குடுக்குற மாத்திரைய நிறுத்தாதீங்க.

அப்புறம் அக்கா, ஸ்கூல், டியூஷன், தவணைன்னு நீங்க ஒரே வரில எழுதிட்டுப் போயிட்டீங்க. நீங்க தூங்குறீங்களா?

தங்கச்சிமடம்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. கடைசி கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன், இதுவரைக்கும் யாரும் கேக்கல. நாலு மணி நேரம் தூங்குறேன், அவ்வளவுதான். நாளைக்கு காலைல அண்ணன் கரைக்கு வந்துடுவாக, நான் ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டேன், மூணு பேருமா ராம்நாடு பஸ் ஏறுறோம். மொதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் பேங்க். தம்பிகிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல, ஆனா சட்டைய எடுத்து அயர்ன் பண்ணி வச்சிருக்கான்.