கேஸ் ஷீட்டின் முதல் வரியில் நோயின் பெயர் இல்லாதபோது

"ஜெனரலைஸ்டு வீக்னஸ்" (உடம்பு முழுக்கத் தளர்ச்சி) என்று மட்டும் எழுதி வார்டுக்கு வரும் கேஸை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. நோயாளியோ வீட்டாரோ சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் கேட்க வேண்டியது: உடம்பு அசதியா, இல்லை கைகால் தூக்கவே வரவில்லையா? அசதி என்றால் சுகர், ஹீமோகுளோபின், சோடியம், தைராய்டு, காய்ச்சல் என்று தேடலாம். தூக்க வரவில்லை என்றால் பொட்டாசியமும் ஈசிஜியும் உடனே வேண்டும். பொட்டாசியம் 2.5-க்குக் கீழே போனாலும் 6.5-க்கு மேலே ஏறினாலும் கால் தளரலாம். இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

தளர்ச்சி பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது என்றால் கில்லன் பாரே (நரம்புகள் பாதிக்கப்பட்டு தசைகள் தளரும் நோய்) நினைவுக்கு வர வேண்டும். இங்கே சாச்சுரேஷனை (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதத்தை) நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து. மூச்சுத் தசை சோர்ந்துகொண்டே வரும், மானிட்டர் 98 காட்டிக்கொண்டே இருக்கும். அது இறங்குவது கடைசியில்தான். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20-ஐ எட்ட முடியவில்லை என்றால் உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். எண்ணிய எண்ணை நேரத்தோடு எழுதிவைத்தால்தான் அடுத்த ஷிப்ட்டில் இருப்பவருக்கு இறக்கம் புரியும்.

*

"ஆல்டர்டு சென்ஸோரியம்", அதாவது நினைவு தடுமாறி வருவது பற்றிச் சொல்ல வேண்டும். யார், எதற்காக என்று யோசிக்கும் முன்பே விரலில் குத்தி சுகர் பார்த்துவிட வேண்டும். மிகவும் குறைந்திருந்தால் வழக்கமாகப் போடுவது 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.; அதில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஊசி போட்ட ரத்தக்குழாய் சரியாக ஓடுகிறதா என்று ஃப்ளஷ் செய்து (கொஞ்சம் சலைன் செலுத்தி) பார்த்துவிட்டே ஏற்றுங்கள், வெளியே கசிந்தால் தோல் வெந்துபோகும். கண் விழித்துப் பேச ஆரம்பித்துவிட்டார் என்று அத்தோடு விட்டுவிடக் கூடாது. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, அதுவும் சிறுநீரகம் பழுதாகியிருந்தால், சில மணி நேரத்தில் சுகர் மறுபடியும் விழும்.

வயதானவர் திடீரென்று உளறினால் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சொட்டுச் சொட்டாக யூரின் போவதைப் பார்த்து "யூரின் போகிறது" என்று எழுதிவிடுகிறோம், உள்ளே சிறுநீர்ப்பை நிரம்பி அடைத்திருக்கும். இன்னொரு பக்கம், யூரினில் கிருமி இருந்தாலே "யூரின் இன்ஃபெக்ஷன்" என்று முடிவு கட்டுவதும் தவறு. வயதானவர்களில் பலருக்குத் தொந்தரவே இல்லாமல் அது இருக்கும். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறதா என்று யாரும் தேட மாட்டார்கள்.

கூட வந்தவரிடம் "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று கேட்டு எழுதுங்கள். பக்கவாதமாக இருந்தால் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். அது அந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல.

*

கேள்விக்குறியைத் தொலைக்காதீர்கள். "? ஃபிட்ஸ்" (வலிப்பாக இருக்குமோ) என்று வந்தது, மூன்று ஷிப்ட் ஹேண்ட்ஓவர் தாண்டியதும் "ஃபிட்ஸ் கேஸ்" ஆகிவிடுகிறது. "சந்தேகம்தான், இன்ன ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறோம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"பியூஓ"வும் (காரணம் தெரியாத காய்ச்சல்) அப்படித்தான். 1961-இல் வகுத்த இலக்கணப்படி 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் பலமுறை வந்து, 3 வாரத்துக்கு மேல் நீடித்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் தேடியும் காரணம் பிடிபடாததுதான் பியூஓ. இரண்டாம் நாள் காய்ச்சலுக்கு அதை எழுதினால் தேடி முடித்துவிட்டார்கள் என்ற நினைப்பு வந்துவிடும். பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்: பெரியவர்களுக்கு இரண்டு இடத்தில், பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி., ஆன்டிபயாட்டிக் ஏறும் முன். ஷாக்கில் (ரத்த ஓட்டம் ஆபத்தாகக் குறைந்த நிலையில்) இருப்பவருக்கு மட்டும் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

*

நோய்களுக்கும் அறிகுறிகளுக்கும் குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில் ஆர்46.0 என்றால் "உடல் சுத்தம் மிகக் குறைவு", ஆர்46.1 என்றால் "விசித்திரமான தோற்றம்". உண்மையாகவே இருக்கும் குறியீடுகள் இவை. இப்படி வருபவர்களை முகம் சுளிக்காமல் பார்க்க வேண்டும். பின்னால் மனச்சோர்வோ, மறதி நோயோ, கவனிக்க ஆளில்லாத வீடோ இருக்கலாம்.

இவர்களுக்கு ஸ்பான்ஜ் பாத் கொடுக்கும் நேரம்தான் நல்ல பரிசோதனை நேரம். குதிகால், இடுப்பின் பின்புறம், கால்விரல் இடுக்கு, மார்புக்குக் கீழ் மடிப்பு எல்லாம் பாருங்கள். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் தழும்பு இருந்தால் தைராய்டு மாத்திரையை நிறுத்தினாரா என்று கேளுங்கள். முதுகில், தோள்பட்டைக்குப் பின்னால் ஃபென்டனில் பேட்ச் (மூச்சைக் குறைக்கக்கூடிய வலுவான வலி மருந்து) ஒட்டியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிறமில்லாத மெல்லிய பிளாஸ்டிக் போல இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். மயக்கமாக இருப்பவரிடம் அது இருந்தால் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி, உடனே டாக்டரிடம் சொல்லிக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் தோலுக்கடியில் தங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கும், ஆகவே மூச்சைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.