வீட்டு ஜெபத்தை நிறுத்தச் சொல்றாங்க, கீழ்ப்படியணுமா?

யாங்கூன் சகோதரி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாங்க யாங்கூன்ல இருக்கோம், எந்த டவுன்ஷிப்னு எழுத வேணாம்னு பார்க்கிறேன். ரெண்டு வருஷமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்டு மாடியில காட்டேஜ் பிரேயர் நடக்குது. தமிழ் ஆளுங்க ஏழெட்டு பேர் வருவாங்க, அப்புறம் சின் மாநிலத்து தந்த்லாங்ல வீடு எரிஞ்சு இங்க வந்து சேர்ந்த சின் இனத்து அக்கா ஒருத்தரும் அவங்க ரெண்டு பிள்ளைகளும். அவங்களுக்கு தமிழ் வராது எங்களுக்கு அவங்க பாஷை வராது, ஜெபம் எல்லாம் பர்மீஸ்ல தான், பாட்டு மட்டும் ஒரே ராகத்துல அவங்கவங்க பாஷையில பாடிக்குவோம்.

போன வாரம் பத்து வீட்டுக்காரர், அதான் பத்து வீட்டுக்கு ஒருத்தர்னு அரசாங்கம் வச்சிருக்கிற பொறுப்பாளர், வந்தார். உள்ள வரல, செருப்பைக் கூட கழட்டல, வாசல்லயே நின்னு "அஞ்சு பேருக்கு மேல கூடக்கூடாது, பாட்டு சத்தம் தெரு வரைக்கும் கேக்குது, இனிமே நான் மேல சொல்லித்தான் ஆகணும்"னு சொல்லிட்டு போயிட்டார். கெட்ட மனுஷன் இல்ல, எங்க மாமனார் இறந்தப்போ பெட்டி தூக்கினவர்.

வீட்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. இவர் ரோமர் 13 எடுத்து வச்சு அதிகாரத்துக்கு அடங்கணும்ங்கிறார். மாமியார், தானியேல் ஜன்னலைத் திறந்து வச்சுத்தானே ஜெபம் பண்ணார், ராஜா உத்தரவு போட்டான்னு ஜன்னலைச் சாத்தினாரான்னு கேக்கிறாங்க. என் கேள்வி இன்னும் ஒண்ணு இருக்கு. பத்து வீட்டுக்காரர் நிறுத்துங்கன்னு சொன்ன உடனே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு, அப்பாடா இனிமே வெள்ளிக்கிழமை பயம் இல்லன்னு. அந்த நிம்மதி தான் ராத்திரி தூங்க விடமாட்டேங்குது. நான் அடங்கினா அது கீழ்ப்படிதலா இல்ல மறுதலிப்பா?

மோல்மேன் தம்பி:
அக்கா நிறுத்தாதீங்க. மனுஷருக்குக் கீழ்ப்படியுறதை விட தேவனுக்குக் கீழ்ப்படியணும்னு பேதுரு சொன்னது எப்போ? இதே மாதிரி பேசக்கூடாதுன்னு ஆர்டர் போட்ட பிறகு தான். இந்த நாட்ல நாம நூத்துக்கு ஆறு பேர், ஒவ்வொரு மிரட்டலுக்கும் ஒரு வீடா சாத்திட்டே போனா என்ன மிஞ்சும்? 2021ல மிட்சினாவுல கன்னியாஸ்திரி சிஸ்டர் ஆன் ரோஸ் நூ தாங் போலீஸ் துப்பாக்கி முன்னாடி முட்டி போட்டாங்களே, அவங்க ஓடிப் போயிருந்தா நாம இன்னிக்கு அவங்களைப் பத்தி பேசுவோமா. பயந்தா சாட்சி இல்ல.

பெகு ஐயா:
மகளே, உன் நிம்மதிக்கு உன்னை நீயே தண்டிச்சுக்காதே. பயம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கு. 1966ல வெளிநாட்டு மிஷனரிமாரை நாட்டை விட்டு அனுப்பினப்போ நான் பொடியன். எங்க அப்பா சபை சாவிக்கொத்தை கையில வச்சுக்கிட்டு திண்ணையில உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது, விடியற வரைக்கும் எழுந்திருக்கல. ஞாயித்துக்கிழமை போய் திறந்தார்.

அமெரிக்காவுல இருந்து பர்மாவுக்கு வந்த மிஷனரி ஜட்சன் ஐயா கதையை நம்ம பிள்ளைங்களுக்கு பாதி தான் சொல்லிக் கொடுத்திருக்கோம். ஜெயில், விலங்கு எல்லாம் தெரியும். அதுக்கு முன்னால நடந்தது தான் உன் கேள்விக்கு பதில். 1819 ஜூன்ல முதல் ஞானஸ்நானம், மௌங் நௌ. அதே வருஷம் நவம்பர்ல இன்னும் ரெண்டு பேர், அவங்க எங்களுக்கு ஆள் பார்வையில வேணாம், பொழுது சாயுற நேரத்துல கொடுங்கன்னு கேட்டாங்க. ஜட்சன் போங்க விசுவாசம் இல்லாதவங்களேன்னு விரட்டல, சாயங்காலமே கொடுத்தார். அப்புறம் ஐராவதியில படகேறிப் போய் ராஜாகிட்ட மனு கொடுத்தார், மார்க்கத்துக்கு வர்றவங்களைத் துன்பப்படுத்தாதீங்கன்னு. 1820 ஜனவரி. ராஜா துண்டுப்பிரதியில ரெண்டு வரி படிச்சுட்டு தரையில போட்டுட்டார். ரங்கூன் திரும்பி வந்து, சரி ஊரை விட்டுப் போயிடலாம்னு ஜட்சன் நினைச்சப்போ அந்த மூணு பேர் தான் தடுத்தாங்க, எட்டு பத்து பேர் ஆகுற வரைக்கும் இருங்க, அப்புறம் நாங்களே நடத்திக்குவோம்னு. சரின்னு இருந்தார். ரோட்டோரம் உட்கார்ந்து பிரசங்கம் பண்ணதை விட்டுட்டு கதவைச் சாத்தி ஆராதனை பண்ணினாங்க. அந்த ஜூலைக்குள்ள மொத்தம் பத்து பேர் ஆயிட்டாங்க. சாத்தின கதவுக்குள்ள தான்.

ஆனா தம்பி சொல்றதையும் தள்ளாதே. கதவைச் சாத்துறது வேற, ஆராதனையை விடுறது வேற.

தாம்வே அக்கா:
தம்பி கோவிச்சுக்காதப்பா, அந்த சிஸ்டர் விஷயத்துல நீ ஒண்ணை விட்டுட்ட. அவங்க முட்டி போட்டது போராட்டம் பண்ண பிள்ளைங்களைச் சுடாதீங்கன்னு கெஞ்ச. தன் உடம்பைத்தான் முன்னால வச்சாங்க, பிள்ளைங்களை முன்னால நிறுத்தல.

யாங்கூன் சகோதரி, நீங்க நிறுத்தறதா வேணாமான்னு எங்களைக் கேக்குறீங்க, உங்க வீட்டுக்காரரைக் கேட்டீங்க, மாமியாரைக் கேட்டீங்க. அந்த சின் அக்காவைக் கேட்டீங்களா? ராத்திரி தங்குறவங்க பேரு வார்டு ஆபீஸ்ல கொடுக்கணும்னு இருக்கு, 2021 பிப்ரவரியில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் வாரண்ட் இல்லாமலே வீட்டுக்குள்ள வர்றாங்க. அவங்க பேரு எங்க பதிஞ்சிருக்கு இல்லன்னு இங்க பதில் எழுதிடாதீங்க, மனசுல மட்டும் வச்சுக்கோங்க. ஆட்கள் வந்தா உங்களை ஆபீஸுக்குக் கூப்பிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார வச்சு அனுப்புவாங்க, அவங்களை அனுப்ப மாட்டாங்க. என் தைரியத்துக்கு இன்னொருத்தி விலை கொடுக்கிறதை நான் விசுவாசம்னு சொல்ல மாட்டேன். ஒபதியா ஆகாபோட அரண்மனையில வேலை பார்த்துக்கிட்டே நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பது ஐம்பதா குகையில வச்சு அப்பமும் தண்ணியும் கொடுத்தார், கத்திக்கிட்டு செய்யல.

யாங்கூன் சகோதரி:
தாம்வே அக்கா, படிச்சதும் அழுதுட்டேன். நான் கேக்கவே இல்ல. அவங்களுக்கு உதவி பண்றோம்னு நினைச்சேனே தவிர அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு தோணவே இல்ல.

நேத்து கீழ சமையல்கட்டுல பூண்டு உரிச்சுக்கிட்டே கேட்டேன். கையை நிறுத்தாம சொன்னாங்க, "ஜெபத்தை விட்டா எனக்கு இந்த ஊர்ல ஒண்ணுமே இல்ல. ஆனா பாட்டு வேணாம்"னு. ஒவ்வொரு தடவையும் பாட்டு ஆரம்பிச்ச உடனே சின்னவன் தன் செருப்பை எடுத்து மடியில வச்சுக்குவானாம், ஓடணும்னா ரெடியா இருக்க. ரெண்டு வருஷமா அந்தப் பையன் செருப்பை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்ததைப் பார்த்திருக்கேன், குழந்தைங்க பழக்கம்னு விட்டிருக்கேன்.

இவர் தானே பத்து வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். ஒளிச்சு பேசல, "அஞ்சுக்கு மேல வர மாட்டாங்க, சத்தம் இருக்காது, ஆனா ஜெபம் நிக்காது"ன்னு சொல்லிட்டு வந்தார். அவர் ஒண்ணும் சொல்லல, டீ கொடுத்தாராம். இனிமே ரெண்டு வீடு, ரெண்டு நாளு. சின் அக்காவும் பிள்ளைங்களும் எந்த வீடுன்னு எழுதல. மோல்மேன் தம்பிக்கு இது போதாதுன்னு தோணும், எனக்கும் முழு சமாதானம் இல்ல, ஆனா அந்த நிம்மதி இப்ப இல்ல, வேற ஒண்ணு இருக்கு.

மாமியார் மட்டும் ஜன்னலைச் சாத்த விடமாட்டேன்னுட்டாங்க. திறந்து வச்சுக்கிட்டே பாட்டு வரியை மெதுவா வாசிக்கிறாங்க. சின்னவனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், எல்லாரும் ஜெபிச்சுக்கோங்க.