அப்டேட்: ஓட்டத்துக்கு நடுவுல நடக்கலாமான்னு கேட்டிருந்தேன்ல

5 கிலோமீட்டர் தாண்டுனா மூச்சு வாங்குது, நடுவுல நடந்தா பரவால்லயான்னு முன்னாடி கேட்டிருந்தேன், நெறைய பேரு ஜெஃப் காலோவே முறைய, அதாவது கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடைன்னு மாத்தி மாத்திப் போறத, சொன்னீங்க. 1972 ஒலிம்பிக்ல ஓடுனவரு, 1974லயே இத சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சவரு. ரொம்ப நன்றிங்க!

இப்ப காரைக்குடிலேர்ந்து குன்றக்குடி ரோட்டுல விடியக்காலைல 3 நிமிஷம் ஓட்டம் 1 நிமிஷம் நடைன்னு போறேன், முக்கியமா களைச்சுப்போற வரைக்கும் காத்திருக்காம மொத ரவுண்டுலேர்ந்தே நடந்துரணும், வாட்ச் பீப் அடிச்சதும் சின்னச் சின்ன எட்டா வச்சு நடக்குறேன், கெண்டக்கால் இறுக்கம் அப்படியே விட்டுப்போகுது, அதான் கடைசி வரைக்கும் தாங்குது.

வருசா வருசம் பழனிக்கு பாதயாத்திர போற எங்க அப்பச்சியும் "ஆரம்பத்துல அடக்கிப் போனாத்தான்டா ஊரு போய்ச் சேரலாம்"னாக.

10 கிலோமீட்டர் வந்துருச்சு, முட்டி வலியே இல்ல. வெயில் காலத்துக்கு 2 நிமிஷம் ஓட்டம் 1 நிமிஷம் நடைன்னு கொறச்சுக்கப் போறேன்.