மறு: கரைமின்னா, ஊர்மின்னா? சேஞ்ச் ஓவருக்கும் ஒரு பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

'ஷோர் பவர்' என்பதற்குத் தமிழில் 'கரைமின்' என்று வந்த பரிந்துரையைப் படித்தேன். துறைமுகத்தில் கட்டிய கப்பல் தன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கேபிள் வாங்கிக்கொள்ளும். பெயர் அங்கிருந்து வந்தது. மோட்டார் ஹோம் (உள்ளேயே வீடுபோலத் தங்கும் வண்டி) வைத்திருப்பவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். சரி, கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் வண்டிக்கு எந்தக் கரை? (ஊட்டி ஏரிக்கரை என்று யாராவது சொல்வீர்கள், தெரியும்.) வண்டிக்குள் ஓடுவது சொந்தக் கரண்ட், வெளியிலிருந்து வருவது ஊர்க் கரண்ட். அதனால் என் ஓட்டு 'ஊர்மின்'னுக்கு. கப்பலுக்கும் ஒத்துவரும். 'தரைமின்' மட்டும் வேண்டாம், எர்த்தோடு குழம்பும்.

அடுத்து, சொந்தக் கரண்டுக்கும் ஊர்க் கரண்டுக்கும் நடுவே மாற்றிவிடும் சுவிட்ச், அதாவது சேஞ்ச் ஓவர். 'மின்மாற்றி'யை டிரான்ஸ்பார்மர் எப்போதோ எடுத்துக்கொண்டது. 'மூலமாற்றி' இலக்கணப்படி சரிதான், ஆனால் பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூல வைத்திய விளம்பரம் இருக்கும் நாட்டில் அது எடுபடாது.

நம் வீட்டு சேஞ்ச் ஓவரையே பாருங்கள். கைப்பிடி ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத் தாண்டாமல் மறுபக்கம் போகவே முடியாது. பழையதை விட்ட பிறகுதான் புதியதைப் பிடிக்கும். உயிர் காக்கும் வேலை அது. ஆடி மாதக் காற்றில் கூடலூர்ப் பக்கம் மரம் சாய்ந்து லைன் போகிறது. ஒருவர் இந்த சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேராக வீட்டு பிளக்கில் சொருகிவிடுகிறார். அந்த 230 வோல்ட் பின்பக்கமாகத் தெரு டிரான்ஸ்பார்மருக்குள் ஏறி 11,000 வோல்ட்டாக வெளியே போகும். கம்பத்தில் இருக்கும் லைன்மேனுக்கு லைன் செத்துக் கிடப்பதாகத்தான் தெரியும். மாறுவதைவிட, இரண்டும் ஒருபோதும் தொட்டுக்கொள்ளாததுதான் இதன் சாரம். ஆகவே 'விட்டுப்பற்றி' என்று முன்மொழிகிறேன். முதலில் விடு, பிறகு பற்று. இடைவெளி தெரியாமல் மாறும் யு.பி.எஸ். வகையறாவுக்கு இது பொருந்தாது என்பீர்கள். அவற்றுக்கு வேறு பெயர் தேடலாம்.

மோட்டார் ஹோமில் தானாக மாறும் வகைக்கு 'தானியங்கி விட்டுப்பற்றி'. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அது உடனே தாவாது. வோல்டேஜும் வேகமும் நிலைப்பட அரை நிமிடம்போலப் பொறுத்துத்தான் பிடிக்கும். அந்தத் தாமதத்தை 'நிதான நேரம்' எனலாம். மலையில் இது முக்கியம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்து, சாதாரண பெட்ரோல் ஜெனரேட்டர் கால்வாசித் திறனை இழந்துவிடும். ஹீட்டரை அணைக்காமல் மாற்றினால் பிடித்த மறுநொடியே திணறும்.

பேஸோடு நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது 'இருமுனை விட்டுப்பற்றி'. வண்டிக்கு அதுதான் வேண்டும். நியூட்ரல் நியூட்ரலாகவே இருக்கட்டும். அதன் தமிழ்ச் சொல்லான 'நொதுமல்' என்று கேட்டால் குன்னூர்க் கடையில் ஒயர் கிடைக்காது.