கரண் தாப்பர் என்றாலே எழுந்து போகிற காட்சிதானா?

தறிநாடா:
நேற்று ராத்திரி தூக்கம் வராமல் டிவி பேட்டியாளர் கரண் தாப்பர் ஜெயலலிதாவை எடுத்த 2004 பிபிசி பேட்டியை மறுபடி பார்த்தேன். ஜோசியம், பெயரில் கூடுதலாக ஒரு 'ஏ' சேர்த்தது என்று இவர் விடாமல் கேட்க, அவர் முகம் இறுகிக்கொண்டே போகிறது. கடைசியில் உங்களோடு பேசியதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை, நமஸ்தே என்று சொல்லி மைக்கைக் கழற்றி மேசையில் போடுகிறார், டொக்கென்று ஒரு சத்தம். அப்புறம் 2007இல் இவர் பேட்டியிலிருந்து மோடி எழுந்து போனது. இந்த இரண்டு துண்டு வீடியோவைத் தாண்டி இவர் என்ன சாதித்திருக்கிறார்? ஆளைச் சீண்டுவதுதான் தொழிலா?

பழையபேப்பர்:
அப்படிச் சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜில் படித்து, லண்டன் டைம்ஸுக்காக நைஜீரியாவின் லாகோசிலிருந்து எழுதி, 80களில் லண்டன் வீக்எண்ட் டெலிவிஷனில் வேலை பார்த்துவிட்டு 90களில் இந்தியா திரும்பியவர். அந்த லண்டன் டிவியில் பிரையன் வால்டன் என்று ஒருவர் இருந்தார், விருந்தினர் இப்படிச் சொன்னால் அடுத்து இது, அப்படிச் சொன்னால் அது என்று கிளை கிளையாகக் கேள்வி தயாரித்துக்கொண்டு உட்காருவார். தாப்பர் பேட்டிகளிலும் அந்த வாடை அடிக்கும். நம் ஊர் டிவியில் முதல் கேள்விக்கு மழுப்பினால் உடனே அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுவார்கள், இவர் தாவமாட்டார்.

டெஸ்க்கில்_பத்துவருஷம்:
நான் ஒரு சேனலில் பேட்டி வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவன், அந்தத் தயாரிப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் இவர் பாதி நேரம் பதிலை முடிக்கவே விடுவதில்லை. இதே ஜெயலலிதா நடிகை சிமி கரேவால் எடுத்த டிவி பேட்டியில் சிரித்துப் பேசி இந்திப் பாட்டே பாடினார், அங்கே அந்த மனுஷியைப் பற்றித் தெரிந்துகொண்டது எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

பழையபேப்பர்:
சரி, ஆனால் சிமி கேட்டது தனிமனுஷியை, இவர் கேட்டது முதல்வரை. அந்த வருஷம் மே மாதம்தான் நாடாளுமன்றத் தேர்தலில் நாற்பது தொகுதியும் போயிருந்தது, அப்போது கேட்காமல் எப்போது கேட்பது? மோடியிடமும் 2002 குஜராத் கலவரம் பற்றித்தான் கேட்டார், தண்ணீர் வேண்டும் என்றவர் மைக்கைக் கழற்றிவிட்டார். அதற்குப் பிறகு டீ, இனிப்பு, டோக்ளா எல்லாம் கொடுத்து உபசரித்தாராம், பேட்டியைத் தொடரச் சொல்லி ஒரு மணி நேரம் கெஞ்சியும் நடக்கவில்லை என்று தாப்பரே எழுதியிருக்கிறார். பின்னாளில் பாஜக அமைச்சர்கள் இவர் நிகழ்ச்சிக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். இப்போது தி வயர் செய்தித் தளத்தில் பேட்டி எடுக்கிறார். துண்டு வீடியோவை விட்டுவிட்டு ஒரு பேட்டியை முழுசாகப் பாருங்கள்.

தறிநாடா:
மோடி பேட்டியை முழுசாகவே பார்த்துவிட்டேன் சார், மொத்தமே மூன்று நிமிஷம்தான்.