பிபிசி மைக்ரோ: படம் கெடாமல் வேகம் கூட்ட முடியுமா?

குன்னூர்:
எங்கள் பள்ளியில் 'கிளாஸ்' (பள்ளிகளுக்குக் கணினி தந்த 1980-களின் அரசுத் திட்டம்) காலத்து பிபிசி மைக்ரோ மாடல் பி கணினி ஒன்று இன்னும் ஓடுகிறது. பேசிக்கில் பகா எண் நிரல் போட்டால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேகத்தாளம் தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்குப் பதில் 20 போட்டால் டிவியில் படம் சாய்ந்து கிழிகிறது. படத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் கூட்ட வழி உண்டா?

ஊட்டி:
முதலில் 16-ஐயே திரும்பப் போடுங்கள் சார். அந்த ஒரு கிரிஸ்டலிலிருந்துதான் எல்லாமே. வீடியோ யூஎல்ஏ என்ற சிப் அதை 8, 4, 2, 1 மெகாஹெர்ட்ஸ் என்று பிரிக்கிறது. 20 போட்டால் வரி அதிர்வெண் 15.625 கிலோஹெர்ட்ஸிலிருந்து 19.5-க்கு ஏறிவிடும். பழைய டிவிக்கு அது பிடிபடாது. கடிகாரமும் கால்பங்கு வேகமாக ஓடும், கேசட் பதிவும் படிக்காது. சிபியூவுக்கு மட்டும் தனி கிளாக் கொடுப்பதும் சரிவராது. ரேம் இருவருக்கும் பொதுதான்: ஒரு முறை சிபியூ, அடுத்த முறை 6845 (திரையை ஓட்டும் சிப்) என்று மாறி மாறிப் படிக்கின்றன. அந்தத் தாளம் தப்பினால் திரையில் குப்பை.

கோத்தகிரி:
பெட்டிக்கு அடியில் 40 பின் 'டியூப்' இணைப்பு இருக்கிறதே, இரண்டாவது பிராசஸர் ஒன்றைச் சேர்க்கவே அதை வைத்தது. அந்தக் காலத்து 6502 இரண்டாம் பிராசஸர் 3 மெகாஹெர்ட்ஸ், கிடைப்பது அரிது. இப்போது ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற குட்டிக் கணினியில், அந்தப் பிராசஸர் போல நடிக்கும் பைடியூப்டைரக்ட் மென்பொருள் போதும். நடுவில் வோல்ட்டை மாற்றித்தரும் லெவல் ஷிஃப்டர் போர்டு கட்டாயம்: பையின் பின்கள் 3.3 வோல்ட், டியூப் 5 வோல்ட். நேராகச் சொருகினால் பை போய்விடும்.

எஸ்டி கார்டை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து பைடியூப்டைரக்ட் கோப்புகளை விரித்துப் போடுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் சொருக வேண்டும். கணினியின் ஓஎஸ் 1.20-இல் டியூப் நிரல் கிடையாது, அந்த நிரல் உள்ள டிஎன்எஃப்எஸ் ரோம் சிப் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சொருகியும் பயனில்லை. பலர் போர்டு கெட்டது என்று நினைப்பது இங்கேதான். சரியாக வந்தால் மோட் 0 திரையிலும் ஹைமெம் (பேசிக் நிரலுக்கான நினைவகத்தின் மேல் எல்லை) &8000 காட்டும். தனியாக ஓடும்போது திரை &3000-இலேயே நினைவகத்தை வெட்டிவிடும்.

*எஃப்எக்ஸ் 151,230,1 அடித்து கண்ட்ரோல்-பிரேக் அழுத்தினால் பழைய வேகத்து 6502-க்கு மாறும். 1-க்குப் பதில் 0 போட்டால் முழு வேகம்.

ஊட்டி:
ஒன்று சேர்க்கிறேன். கணக்குதான் பறக்கும். கோடு வரைவது பழைய வேகம்தான், அந்த வேலையை இன்னும் 2 மெகாஹெர்ட்ஸ் பிபிசியே செய்கிறது. திரை நினைவகத்தில் பேசிக்கின் ? குறி போட்டு நேராக எழுதும் நிரல்கள் ஒன்றும் காட்டாது. எழுதியது பையின் நினைவகத்துக்குப் போய்விடுகிறது. பிபிசியின் நினைவகத்தில் எழுதும் ஓஎஸ் அழைப்பான ஓஎஸ்வேர்ட் 6 வழியாக எழுதுங்கள்: முதல் 4 பைட் முகவரி, 5-ஆவது பைட் மதிப்பு.

கொடைக்கானல்:
அதற்கெல்லாம் முன் பவர் சப்ளையைத் திறந்து பாருங்கள். 0.1, 0.01 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (மின்இணைப்புப் பக்கத்தில் போடும் பாதுகாப்பு வகை) கெபாசிட்டர்களின் மேல்தோல் மஞ்சளாகி மயிரிழையாக வெடித்திருக்கும். நம் மலை ஈரம் அந்த வெடிப்பில்தான் இறங்குகிறது; ஒருநாள் புகையாக வெளியே வரும். இரண்டையும் புதிய எக்ஸ்2-ஆக மாற்றிவிட்டு, டியூப் பின்களில் பச்சை பிடித்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்தபின் சொருகுங்கள்.